பாம்பனிலிருந்து வைவாவுக்கு வந்தவர்கள்

முனைவர் பட்டத்துக்கு நான் பதிவு செய்த தலைப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி நீளம். அதைத் தமிழில் சொல்லச் சொன்னார் அய்யா; அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். களத்தில் மிளகாய் காயப் போட்டிருந்தது. கையால் அளாவிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"உலகத்துல பெரிய பெரிய மாநாடு போட்டு, இயற்கையை இப்படிக் காப்பாத்தணும் அப்படிக் காப்பாத்தணும்னு முடிவு எடுக்குறாங்கல்ல. அந்த முடிவு நம்ம கடக்கரை ஜனங்ககிட்ட எப்படி வந்து சேருது, அதுல அவங்களுக்கு ஏதாச்சும் பேச்சு உண்டா, அதைத்தான்யா படிக்கப் போறேன்."

அய்யா நிமிர்ந்து பார்த்தார். "கடலைப் பத்தியா?"

"ஆமாய்யா."

"நம்ம வீட்டுல கடல்ல கால் நனைக்கிறதே ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான். அங்கன போயி என்னத்த படிக்கப் போற?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊர் சாயல்குடிக்கு வடக்கே. காற்று திரும்பினால் உப்பு வாசம் வீட்டுக்குள் வரும் தூரம்தான். ஆனாலும் மிளகாயும் சோளமும் போட்டு மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் எங்களுக்குக் கடல் என்பது வேறு யாருடைய ஊரோ. நான் முதுகலை படித்ததும் அரசியல் அறிவியல். அதில் கடலுக்கு என்ன வேலை என்று அய்யாவுக்கு மட்டுமல்ல, மதுரையில் என் தலைப்பைப் பரிசீலித்த குழுவுக்கும் புரியவில்லை.

"இது விலங்கியல் துறைக்குப் போக வேண்டிய தலைப்பும்மா," என்றார் குழுவில் மூத்தவர்.

"பாம்பன் பக்கம் கடல்ல அரசு காவல் போட்டிருக்கிற தீவுகளைப் பத்தி இல்ல சார். தீவுக்குள்ள யாரு போகலாம், யாரு போகக் கூடாதுன்னு சொல்ற அதிகாரத்தைப் பத்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மேடம், "யாரும் எடுத்துக்கலைன்னா நான் கைடா இருக்கேன். நூலகத்துல பாதி, கரையில பாதி. சம்மதமா?" என்றார். அவருக்கும் இந்தத் துறையில் பழக்கமில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே தட்டுத் தடுமாறிப் படித்தோம்.

புது நூற்றாண்டு பிறந்த சமயம் அது. சுற்றுச்சூழல் அரசியல் என்று தேடினால் நூலகத்தில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டுக் காடுகளும் வெளிநாட்டுத் திமிங்கிலங்களும்தான். உலக மாநாட்டு அறிக்கைகள், ஒப்பந்தங்கள், தில்லியில் போட்ட சட்டங்கள், மாநில அரசின் ஆணைகள், எங்கள் கரையோர வளைகுடாவையும் அதன் தீவுகளையும் காப்பதற்கான திட்டங்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரே வாசகம் இருந்தது: உள்ளூர் மக்களின் பங்கேற்புடன். உலக மாநாட்டில் கிளம்பிய அந்த வாசகம் தில்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. கரைக்கு வந்ததா? என் ஆராய்ச்சியே இந்த ஒரு கேள்விதான் என்று மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்ப இங்க என்ன பண்ணிட்டு இருக்க? பஸ் ஏறு," என்றார்.

பாம்பனில் இறங்கி, தென்பக்கமாகக் கடற்கரைக்கு நடந்தேன். மணலில் விரித்த பழைய வலைகளின் மேல் கடற்பாசி காய்ந்துகொண்டிருந்தது. மரிக்கொழுந்துப் பாசி என்று அதற்குப் பெயர், ஆலைகளுக்கு விலைக்குப் போவது. பார்க்கவும் மரிக்கொழுந்து மாதிரியே இருக்கும். அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். முழங்கை வரைக்கும் பவளப்பாறை கீறிய தழும்புகள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"ஃபாரஸ்ட்டா?" என்றார், நிமிராமல்.

"இல்லக்கா. படிக்கிறேன்."

"எல்லாரும் படிச்சிட்டுத்தான் வாராங்க."

அந்த வாரம்தான் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போன வத்தைகளை, அதாவது சின்ன நாட்டுப் படகுகளை, வனத்துறைக் காவலர்கள் மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கையில் பையும் பேனாவுமாக வந்து நின்ற என்னை வேவு பார்க்க வந்தவள் என்றே கரை முழுக்க நினைத்தார்கள். என்ன கேட்டாலும் பதில் வராது. வந்தாலும் இரண்டு சொல். மூன்றாவது முறை போனபோதுதான் நேரடியாகவே கேட்டேன்.

"இந்தத் தீவுக்குள்ள போகக் கூடாதுன்னு சொல்றதுக்கு முன்னால உங்ககிட்ட யாராச்சும் வந்து கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஆராய்ச்சியின் அடித்தளமே ஆடுகிறதே என்று, "என்ன கேட்டாங்க?" என்றேன்.

"பேரு என்ன, புருசன் பேரு என்ன, எந்தத் தெரு."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடுதான் அந்த அக்கா என்னை முதன்முதலாக முகம் பார்த்துப் பேசினார். அந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டு மகள்களையும் பாசி எடுத்தே படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, எழுதிக்க. ஆனா எங்களைப் பத்தி என்ன எழுதுனாலும் எங்ககிட்ட வாசிச்சுக் காட்டணும். இங்கிலீசுல எழுதி எங்கயோ குடுத்துட்டுப் போறதெல்லாம் ஆவாது. தமிழ்ல சொல்லணும். சம்மதம்னா வா, இல்லைன்னா பாலத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போ."

"சம்மதம்க்கா."

அதன்பிறகு ஒருநாள் என்னையும் வத்தையில் ஏற்றிக்கொண்டார்கள். பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிவிட்டார்கள், தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். தீவை நெருங்குவதற்குள் காலையில் தின்ற இட்லியை எல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டேன். "மொளகாக் காட்டுப் புள்ளைக்குக் கடல் ஒத்துக்கலடி," என்று ஒரே கேலி. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மூச்சைப் பிடித்துக் குனிந்து, பாறையைத் தடவிப் பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட வேண்டும். நான் முழுப் பகலில் பறித்தது ஒரு கைப்பிடி. ஆனால் அன்றைக்கு ஒன்றைப் பார்த்தேன். அவசரத்தில் சிலர் பாசியை வேரோடு, பாறைத் துண்டோடு பெயர்த்தார்கள். வயதில் மூத்த இரண்டு பெண்கள், "எங்க காலத்துல இதைவிட நீளமா இருக்கும். இப்ப வளர எங்க விடுறோம்," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடியும் நேரம் கணக்குப் பார்த்துப் பாம்பனுக்குப் போவேன். பூசை முடிந்து வரும் பெண்கள் கோயில் பக்கத்துப் பூவரச நிழலில் உட்காருவார்கள். பக்கத்து ஊரான தங்கச்சிமடத்திலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொள்வார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. ஆங்கிலத்தில் வழவழவென்று ஓடிய வாக்கியங்கள் தமிழில் சொன்னவுடன் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அதையெல்லாம் அன்றைக்கே அடித்துவிடுவேன்.

முதல் வாசிப்பிலேயே ஒரு ரகளை. அரசுத் திட்டங்களில் வருகிற 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல்லுக்குப் 'பங்குதாரர்' என்று தமிழ் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பங்குன்னா நம்ம கோயில் பங்கா?" என்றார் ஒருவர். கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் ஊர். "அப்ப பங்குதாரர்னா பங்குச் சாமியாரா?"

"இல்ல, பங்கு உள்ளவங்க. கடல்ல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு அர்த்தம்."

"மீன் பங்கு மாதிரியா? வத்தைக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, அப்படியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப எங்களுக்கு எத்தனை பங்குன்னு அதுல போட்டிருக்கா?" என்றார் அக்கா.

போடவில்லை. அந்த வாரம் மதுரைக்குத் திரும்பி, அந்தக் கேள்வியை வைத்தே அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். பங்கேற்பு என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், பங்கு என்னவென்று எந்த இடத்திலும் சொல்லவில்லை என்பதுதான் அதன் சாரம். மேடம் படித்துவிட்டு எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

மூன்று அத்தியாயம் இப்படி நல்லபடியாகப் போயிற்று. நாலாவதில் சண்டை வந்தது.

அதில் நான் பாசி எடுக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். வருஷம் முழுக்க எடுப்பதாலும், வேரோடு பெயர்ப்பதாலும் பாசி குறைகிறது, பாறையும் கெடுகிறது, கடலுக்கு ஓய்வு தேவை என்று எழுதியிருந்தேன். கடல் ஆய்வாளர்கள் சொன்னதும் அதுதான், மூத்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதுதான். நான் கண்ணால் கண்டதும் அதுதான்.

"இதை எடுத்துரு," என்றார் அக்கா.

"எடுக்க முடியாதுக்கா."

"ஏம்மா, இதை எழுதிக் குடுத்தா அவங்க கையில நீயே அருவாளக் குடுக்குற மாதிரி. பாருங்க, உங்க ஆளுங்க மத்தியிலயே உக்காந்து படிச்ச புள்ளையே சொல்லிருச்சுன்னு எங்களை ஒரேயடியாக் கரையேத்திற மாட்டாங்களா?"

"பொய்யின்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடுறேன்."

"பொய்யின்னு யாரு சொன்னா? எடுத்துருன்னுதான் சொல்றேன்."

"நெசமுன்னா எப்படிக்கா எடுக்குறது?"

அக்கா எழுந்துவிட்டார். முந்தானையை உதறினார். "நீயும் அவங்க ஆளுதான்," என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மரத்தடியில் நான் மட்டும் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது அழுதேன். ஆனால் அத்தியாயத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மேடம்கூட, "கொஞ்சம் மென்மையா மாத்திக்கலாமே," என்றார். மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் பாம்பன் போனால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐந்தாவது அத்தியாயத்தைச் சொல்ல இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்க் காத்திருந்தேன். பூவரச நிழலில் கோழிகள்தான் இருந்தன. வாசிக்காமலேயே முடித்து, சமர்ப்பித்தேன்.

மாதங்கள் கழித்து வைவா தேதி வந்தது. வைவா என்பது பொதுவில் நடக்கும் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. நடைமுறையில் துறை மாணவர்களும் வீட்டு ஆட்களும் வந்து மிக்சர் தின்றுவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்பதற்கென்று ஒரு தோழியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்போம். நானும் சொல்லி வைத்திருந்தேன். என்னோடு பேச்சை நிறுத்தாத ஒரு சின்னப் பெண் பாம்பனில் இருந்தாள். அவள் மூலம் வைவா என்றைக்கு, எங்கே என்று கரைக்கும் தகவல் அனுப்பினேன். வருவார்கள் என்று நினைத்து அனுப்பவில்லை. வாசித்துக் காட்டுவேன் என்று கொடுத்த வாக்கில் பாக்கி இருந்ததே என்று அனுப்பினேன்.

வெளித் தேர்வாளராக வந்தவர் மலையாளி. தமிழ் நன்றாகவே புரியும். நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பாம்பன் பெண்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பூசைக்குக் கட்டும் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. தங்கச்சிமடத்துப் பெண்களும் இருந்தார்கள். வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். நாற்காலி போதவில்லை. என் அய்யா எழுந்து தன் இடத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். அக்கா முன் வரிசையிலேயே உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்த உரையை அப்படியே நிறுத்திவிட்டு, "சார், மீதியைத் தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தேர்வாளர் தலையசைத்தார். 'பங்கேற்புடன்' என்ற அந்த வாசகம் உலக மாநாட்டிலிருந்து கிளம்பி ஊர் ஊராக வந்த கதையை, பூவரச நிழலில் சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் கேட்ட கேள்விகளுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறவில்லை.

"பார்வையாளர்கள் யாராவது கேட்கலாம்," என்றார் துறைத் தலைவர், வழக்கம்போல.

என் தோழி எழுந்தாள். அதே நேரம் அக்காவும் எழுந்தார். தோழி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் படிப்பு இல்லைங்கய்யா. ஆனா இந்தப் புள்ளை எழுதுனது நாலு வரைக்கும் எனக்குத் தெரியும், வாசிச்சுக் காட்டியிருக்கு," என்று தேர்வாளரைப் பார்த்து ஆரம்பித்தார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நாலாவதுல கடலை மூடணும்னு எழுதியிருக்க. மூடுறதுன்னா யாரு மூடுறது? அவங்க மூடுனா நாங்க செத்தோம். இதுக்கு நீ பதில் சொல்லு. அதுக்குத்தான் வேன் பிடிச்சு வந்திருக்கோம்."

துறைத் தலைவர் என்ன செய்வது என்று தெரியாமல் தேர்வாளரைப் பார்த்தார். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆன்சர் ஹெர்," என்றார்.

"மூடணும்னு எழுதலக்கா. ஓய்வு குடுக்கணும்னு எழுதியிருக்கேன். அந்த ஓய்வை யாரு குடுக்கணும்னு அஞ்சாவதுல எழுதியிருக்கேன். அதைச் சொல்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்தேன், நீங்க யாரும் வரல. இப்பச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

ஆய்வேட்டின் ஐந்தாவது அத்தியாயத்தைப் பிரித்தேன். முன் வரிசையைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். கடலுக்கு எப்போது ஓய்வு, எந்தெந்த நாள் இறங்கலாம், எப்படிப் பறிக்கலாம் என்கிற முடிவு பாசி எடுக்கும் பெண்களுடையதாக இருக்க வேண்டும். அவர்கள் கூடிப் பேசி எடுக்கிற முடிவை அரசு ஏற்றுக் காவல் நிற்க வேண்டும். பங்கேற்பு என்றால் அடுத்தவர் எடுத்த முடிவுக்குக் கையெழுத்துப் போடுவது அல்ல. முடிவு எடுக்கிற உரிமை இல்லாத இடத்தில் காப்பாற்றுகிற பொறுப்பை மட்டும் சுமத்தினால் கடலும் நிலைக்காது, ஜனமும் நிலைக்காது. இந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டுமானால், பாசி குறைகிறது என்ற உண்மையை முதலில் அந்தப் பெண்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சொல்லி முடித்தேன். அக்கா நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த மூத்த பெண் அவர் சேலையை இழுத்து, "சரியாத்தான சொல்லுது," என்றார்.

"இதை மொதல்லயே வாசிச்சிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா என்னிடம்.

"நாலு இல்லாம அஞ்சு எப்படிக்கா வரும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு தேர்வாளரைப் பார்த்து, "சரிங்கய்யா. எனக்குக் கேள்வி இல்ல," என்று உட்கார்ந்தார். அப்போதுதான் சிரித்தார்.

தேர்வாளர்கள் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்து முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டல் எழும்பும் முன்பே கடைசி வரிசையிலிருந்து என் அம்மா குலவை போட்டார். எங்கள் ஊரில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற அதே நீளக் குலவை. பாம்பன் பெண்கள் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு, மொத்தப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வகுப்பு மாணவர்களெல்லாம் ஜன்னலில் வந்து நின்றார்கள். மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதார்.

டீ குடிக்கும்போது அய்யா அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். "நாங்களும் நெலத்துல ஒரு போகம்தான்ம்மா போடுறது. மிச்ச நாள் சும்மா கெடக்கட்டும்னு விட்டுருவோம்."

"உங்க நெலத்தை விடச் சொல்லி யாராச்சும் காக்கிச் சட்டை போட்டுட்டு வந்து நின்னாங்களாய்யா?"

அய்யா கடகடவென்று சிரித்தார். "அதுவும் நெசந்தான்."

பட்டம் வாங்கியதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேனில் திரும்பிப் போகும்போதே பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த மாதங்களில் ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. என்னை அழைத்த கூட்டங்களுக்கு மட்டும் போனேன். எல்லாவற்றிலும் சண்டைதான். அடுத்த ஊர்க்காரி எடுப்பாள், நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. ஓய்வு நாளில் அடுப்பு எப்படி எரியும் என்று அழுதவர்கள் உண்டு. அக்கா ஒவ்வொரு ஊரிலும் போய் உட்கார்ந்து, அவர்கள் திட்டுவதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி அடுத்த வாரம் போய் உட்காருவார். கடைசியில் ஒத்துவந்தார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், தண்ணீர் வற்றும்போது மட்டும் இறங்குவது. கையால் நுனியை மட்டும் பறிப்பது, இரும்பு கொண்டு சுரண்டுவதில்லை. பாசி விளைகிற மாதங்களில் யாருமே இறங்குவதில்லை. மீறுகிறவரைப் பெண்களே கேட்பது.

இந்த முடிவோடு இராமநாதபுரத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார்கள். தீவுகளைக் காப்பது பற்றி அதிகாரிகளும் ஆய்வாளர்களும் கூடுகிற கூட்டம். பெரிய மேசை, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் பெயர் அட்டை. பெண்களுக்கு அட்டை இல்லை. சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையருகே போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

"நீங்க எந்த அமைப்பும்மா?" என்றார் ஓர் இளம் அதிகாரி, மரியாதையாகத்தான்.

"நாங்க பாசி எடுக்கிறவங்க."

அவர்கள் முறை வந்தபோது அக்கா எழுந்தார். "நாங்க கடலுக்கு ஓய்வு குடுக்கப் போறோம். எந்த மாசம், எந்த நாளுன்னு எங்களுக்குள்ள பேசி முடிச்சாச்சு. அனுமதி கேக்க வரல, சொல்ல வந்திருக்கோம். நாங்க இறங்காத நாள்ல வேற யாரும் இறங்காம நீங்க பாத்துக்கணும். நாங்க இறங்குற நாள்ல எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அம்புட்டுத்தான்."

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு நாள்களைக் கேட்டார், பறிக்கிற முறையைக் கேட்டார், மீறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெண் பதில் சொன்னார். ஆய்வாளர் ஒருவர், நாங்கள் சிபாரிசு செய்ய நினைத்த மாதங்களும் கிட்டத்தட்ட இவைதான் என்றார். "ஒரு வருஷம் இப்படியே நடத்திப் பாப்போம்," என்றார் பெரிய அதிகாரி. பிறகு தீர்மானத்தை உதவியாளருக்குச் சொல்ல ஆரம்பித்தார். "உள்ளூர் மகளிரின் பங்கேற்புடன்..."

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டும் என்று நினைத்து வரவில்லை. எழுந்துவிட்டேன். "சார், மன்னிக்கணும். பங்கேற்புடன்னு இல்ல சார். இது அவங்க எடுத்த முடிவு. அப்படியே போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். "சரிதான்," என்றார். உதவியாளரிடம், "உள்ளூர் மகளிர் எடுத்த முடிவின்படின்னு மாத்துங்க," என்றார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ நாடுகளின் காகிதங்களில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு வாசகம், இராமநாதபுரத்தில் ஒரு பகல் நேரக் கூட்டத்தில் அடிக்கப்பட்டதை என் காதால் கேட்டேன். நான் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களை யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது.

அந்த ஓய்வு மாதங்கள் லேசாகக் கழியவில்லை. சிலர் கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனார்கள், சிலர் வலை பின்னினார்கள். இரண்டு முறை வெளியூர் ஆட்கள் பாசி எடுக்க வந்தபோது பெண்களும் காவலர்களும் ஒன்றாகவே போய்த் திருப்பி அனுப்பினார்கள். முன்பு இவர்களை மறித்த அதே காவலர்கள்தான். அவர்களில் ஒருவர், "அக்கா, இன்னைக்கு வாடைக்காத்து பலமா இருக்கு, நீங்க வர வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்," என்று சொல்லியனுப்பினாராம். அதை அக்கா எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

ஓய்வு முடிந்து முதன்முதலாக இறங்கிய காலையில் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மதுரைக் கல்லூரி ஒன்றில் அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது. லீவு போட்டுவிட்டு வந்தேன். கடல் தட்டையாகக் கிடந்தது. வத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீவைப் பார்த்துப் போயின. வளர்ந்திருக்குமா என்ற பயம் எல்லோருக்கும் உள்ளே இருந்தது. இத்தனை மாதம் அடுப்பைச் சுருக்கிக்கொண்டு காத்தது வீணாகிவிட்டால் கரையில் அக்காவால் தலைகாட்ட முடியாது. எனக்கும்தான்.

அக்காதான் முதலில் குதித்தார். கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு முங்கினார். வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் தண்ணீரையே பார்த்தேன். தலை மேலே வந்தது. கை மேலே வந்தது. கையில் ஒரு கொத்து மரிக்கொழுந்துப் பாசி, சொட்டச் சொட்ட. அதை அக்கா தன் முன்கையோடு சேர்த்துப் பிடித்தார். மணிக்கட்டில் ஆரம்பித்து, தழும்புகளையெல்லாம் மூடிக்கொண்டு மேலே போயிருந்தது.

"வளந்திருக்குடி!" என்று அடுத்த வத்தையைப் பார்த்துக் கத்தினார். "எம்மாம் பெருசு பாருங்கடி!"

அடுத்த வத்தையிலிருந்து ஒருத்தி குதித்தாள். எழுந்து அவளும் கத்தினாள். அதற்கடுத்த வத்தை, அதற்கும் அடுத்த வத்தை என்று அந்தச் சத்தம் தண்ணீரின் மேலேயே தாவித் தாவித் தங்கச்சிமடத்துப் பெண்கள் இறங்கியிருந்த பக்கம் வரைக்கும் போனது. அங்கிருந்து பதில் சத்தம் திரும்பி வந்தது. நான் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கினேன்.